நைனா குறுக்கே பேசிய கூட்டம்

ஆறாம் வகுப்பில் எங்கள் இங்கிலீஷ் டீச்சர் வாரத்துக்கு ஒரு வினைச்சொல் என்று வைத்திருந்தார். அதைப் பிழிந்து சக்கையாக்கிய பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். அந்த வாரம் வந்தது ‘இன்டரப்ட்’. ஒருவர் பேசும்போது குறுக்கே பேசினால் இன்டரப்ட். மழை வந்து மேட்ச் நின்றால், மழை மேட்சை இன்டரப்ட் செய்தது. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் சாக்பீஸ் கேட்டு வந்தால், வாசலிலேயே நின்று ‘சாரி டு இன்டரப்ட் யூ, மிஸ்’ என்று சொன்னால்தான் கிடைக்கும்.

சொந்தமாக ஐந்து வாக்கியம் எழுதிவரச் சொன்னார். ‘கரண்ட் இன்டரப்ட்ஸ் மை நைனா’ என்று எழுதிக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும். பம்ப்செட் கொட்டகை வாசலில் குந்திக்கொண்டு அவர் ஊரையே திட்டுவார். டீச்சர் சிரித்தார். கரண்ட் நைனாவை நிறுத்தாது, நைனாவின் வேலையைத்தான் நிறுத்தும் என்று திருத்திக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை அந்தச் சொல்லுக்கு முன்னால் ஓர் ‘அன்’, பின்னால் ஓர் ‘எட்’ சேர்த்துக் கரும்பலகையில் எழுதினார். அன்இன்டரப்டட். நடுவில் நிற்காமல், விடாமல். ஞாயிற்றுக்கிழமையாவது தனக்கு அன்இன்டரப்டட் தூக்கம் வேண்டும் என்பது அவர் சொன்ன உதாரணம்.

அடுத்த வாரம் ஆரம்பாக்கத்துப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. எங்கள் ஊர் எல்லையில் இரும்புக் கம்பி செய்யும் ஆலை ஒன்று வருவதாக இருந்தது. அதைப் பற்றி ஊர்க்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அதிகாரிகள் கேட்பார்களாம். அதற்கு முன்பு வேறொரு ஆலைக்காக இப்படி ஒரு கூட்டம் நடந்தபோது நைனாவும் போயிருக்கிறார். பிரியாணி பொட்டலத்தோடு திரும்பி வந்தார். ஆலை வந்தது. அதற்கடுத்த இரண்டு கோடையிலும் எங்கள் கிணற்றில் சேறுதான் மிஞ்சியது.

“இந்தத் தபா நீயும் வா பாப்பா. இங்கிலீஷ்ல இன்னா சொல்றானுங்கன்னு நீ எனக்குச் சொல்லு” என்றார்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “பள்ளிக்கூடத்த உட்டுட்டு அவளுக்கு அங்க இன்னா வேல?”

“எனக்குத் தெரிஞ்சி இங்கிலீஷ் படிக்கிற ஆளு இவ ஒருத்திதான். போன தபா மாதிரி பொம்மையாட்டம் குந்திக்கினு வர மாட்டேன்.”

பெருமை தாங்காமல் போனேன். மண்டபத்தில் முன்வரிசைக்கு சோபா போட்டிருந்தார்கள். நாங்கள் ஐந்தாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். நீலச் சட்டை போட்ட கம்பெனிக்காரர் ஒருவர் திரையில் படம் காட்டி இங்கிலீஷில் பேசினார். அவர் பத்து நிமிடம் பேசினால் பக்கத்தில் நின்ற அம்மையார் இரண்டு வரியில் அதைத் தமிழில் சொல்லி முடித்துவிடுவார்.

“இன்னா சொல்றான்?” என்று நைனா கேட்டுக்கொண்டே இருந்தார்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. டீச்சர் மெதுவாகப் பேசும் இங்கிலீஷ் வேறு, இவர் பேசியது வேறு. புரியவில்லை என்று சொன்னால் என் மானம் போய்விடுமே என்று, “நெறைய பேருக்கு வேல தருவாங்களாம் நைனா”, “மரம் நடுவாங்களாம் நைனா” என்று படத்தைப் பார்த்துப் பார்த்து அளந்துவிட்டேன். அவரும் தலையை ஆட்டி நம்பினார்.

அப்போதுதான் திரையில் அந்தச் சொல் வந்தது. அன்இன்டரப்டட். அதை அடுத்து வாட்டர். நாள் முழுக்க, இருபத்துநான்கு மணி நேரமும். கீழே போர்வெல் என்று இருந்தது. பழகிய முகத்தைத் திருவிழாக் கூட்டத்தில் பார்த்ததுபோல் இருந்தது எனக்கு. தமிழ் அம்மையாரோ, “ஆலைக்குத் தேவையான தண்ணீர் உரிய முறையில் பெறப்படும்” என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

“நைனா, அவுங்க சொன்னது அது இல்ல. போர் போட்டு ராவும் பகலும் நிறுத்தாம தண்ணி எடுப்பாங்களாம்.”

நைனா என் பக்கம் முழுசாகத் திரும்பினார். “நெசமாத்தான் சொல்றியா? அடிச்சிச் சொல்லுவியா?”

அதுவரை சொன்னதெல்லாம் பொய். ஆனால் இந்த ஒன்று எனக்குத் தெரியும். “சாமி சத்தியமா” என்றேன்.

எழுந்துவிட்டார். “சார், கொஞ்சம் நிறுத்துங்க!”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. “ப்ளீஸ் டோன்ட் இன்டரப்ட்” என்று நீலச் சட்டைக்காரர் கையைக் காட்டினார்.

“இன்னா சொல்றான்?”

“குறுக்க பேசாதன்றாரு நைனா. உக்காரு” என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். குறுக்கே பேசுவது கெட்ட பழக்கம் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

ஒரு அலுவலர் வந்து, “பெரியவரே, கேள்வியெல்லாம் கடைசியில. இப்ப உக்காருங்க” என்றார்.

“போன தபாவும் கடைசில கேளுன்னீங்க சார். கடைசில பிரியாணி குடுத்தீங்க.”

மண்டபம் சிரித்தது. நைனா சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை. “அந்தப் படத்த மறுபடி போடச் சொல்லுங்க. தண்ணியப் பத்தித் தமிழ்ல வேற சொன்னாங்க, இங்கிலீஷ்ல வேற இருக்குது. போட்டாத்தான் குந்துவேன்.” ஒரு போலீஸ்காரர் இரண்டடி முன்னால் வந்தார். நைனா முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மேடையில் நடுவில் இருந்த பெரிய அதிகாரி மைக்கை எடுத்து, “யார் படிச்சுச் சொன்னது?” என்று கேட்டார். நைனா என் தோளில் கை வைத்தார். மேடைக்கு எப்படி நடந்து போனேன் என்று நினைவில்லை. திரையில் அந்த வரியைத் திரும்பப் போட்டார்கள். எழுத்துக்கூட்டி வாசித்தேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அதிகாரி கேட்டார். “நடுவுல நிற்காம, விடாம” என்றேன். “கரெக்ட்” என்றார். பிறகு கம்பெனி அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை வாங்கிப் புரட்டி, இதில் ஏன் இது இல்லை என்று கேட்டார். நீலச் சட்டைக்காரர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் காகிதத்தைப் பார்த்தார்.

அதன் பிறகு கூட்டத்தில் யாரும் கடைசி வரை காத்திருக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து, கிணறு வற்றியது, ஏரி வற்றியது என்று பேசினார்கள். அறிக்கை முழுவதையும் தமிழில் கொடுத்துவிட்டு மறுபடி கூட்டம் வைக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு அதிகாரி எழுந்தார்.

பத்து நாள் கழித்து எங்கள் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கான்ட்ராக்டர் இறங்கினார். என் கன்னத்தைத் தட்டி, “இந்தப் புள்ளதானா? இதப் போயி பஞ்சாயத்து ஸ்கூல்ல வெச்சிக்கினுகிறியே! கும்மிடிப்பூண்டில பெரிய ஸ்கூல்ல சீட்டு சொல்லிட்டேன். வேன் ஊட்டாண்டயே வரும். பன்னெண்டாவது வரிக்கும் நீ ஒண்ணும் பாக்க வேணாம்” என்றார். அதற்குள் அம்மா என்னைப் பால் வாங்க அனுப்பிவிட்டாள். நான் டையும் ஷூவும் போட்டு வேனில் ஏறுவதை நினைத்தபடி ஓடினேன். திரும்பி வந்தபோது கார் கிளம்பிக்கொண்டிருந்தது. “பாப்பா இங்கயே படிக்கட்டும்” என்று நைனா சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

அன்று சாப்பிடாமல் அழுதேன். நான் மேடை ஏறி வாசித்ததற்கு யாரோ மெச்சிக் கொடுத்த பரிசை இவர் ஏன் தடுக்கிறார்? என் படிப்பின் மேல் இவருக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டினேன். இரண்டாவது கூட்டத்துக்குக் கூப்பிட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தமிழ் அறிக்கையை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு தனியாகப் போனார். அந்தப் பொங்கல் வரை அவரோடு நான் சரியாகப் பேசவில்லை.

ஆலை பிறகு வந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் போர் போட அனுமதி கிடைக்கவில்லை. தண்ணீர் வேறெங்கிருந்தோ குழாயில் வருகிறது.

நான் கல்லூரிக்குப் போன வருஷம்தான், நான் பால் வாங்கப் போன நேரத்தில் பேசியதை அம்மா சொன்னாள். கான்ட்ராக்டர் ஆலைக்காரர்களுக்காகப் பேச வந்திருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு நைனா வரக் கூடாது, வராமல் இருந்தால் சீட்டு. இதை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அம்மாவிடம் கோபப்பட்டேன். “சொல்லக் கூடாதுன்னு உங்க நைனா என் கையில சத்தியம் வாங்கிக்கினாரு” என்றாள்.

யோசித்துப் பார்த்தால், சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? கூட்டத்துக்குப் போகாதே நைனா என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். அத்தனை பேர் உட்காரச் சொல்லியும் நின்ற மனிதர் அது ஒன்றுக்குத்தான் பயந்திருக்கிறார்.