சர்டிபிகேட்டுக்கு வந்தவர்

யுத்தம் முடிந்த வருஷம், என் மூத்த பெண்ணைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்காக நானும் என் கணவரும் அலைந்தோம். எழுதிப் பார்த்தால் வேறு யாரோ செய்தது போல இருக்கிறது.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு. அதற்குள்ளிருந்து ஒருத்தி தன்னைக் கூப்பிடுவதாக அவள் சொல்ல ஆரம்பித்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஒரு நாள் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நின்றுவிட்டாள். நான் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி இழுத்ததில் இருவரும் துவைக்கிற கல்லில் விழுந்தோம். அன்று முதல் என் புடவைத் தலைப்பை அவள் மணிக்கட்டில் முடிந்துகொண்டுதான் படுத்தேன். கிணற்றைப் பலகை போட்டு மூடினோம். அடுத்த வீட்டிலும் கிணறு, அதற்கடுத்த வீட்டிலும் கிணறு. எத்தனையை மூடுவது?

ஆஸ்பத்திரியில் சும்மா கொண்டுபோய் விட முடியாது. மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அதற்கு இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக அவளைப் பார்த்து சர்டிபிகேட் தர வேண்டும். கல்லில் விழுந்த அன்று வந்து பார்த்த எங்கள் குடும்ப டாக்டர் உடனே எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னொருவர் சர்க்கார் டாக்டராக இருக்க வேண்டும்.

அவர் வருகிற அன்று காலையில் அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். சிக்குப் பிடித்த தலையைப் பிரித்துப் பின்னி, பூ வைத்து, அரக்குப் பட்டுப் புடவையைக் கட்டிவிட்டேன். பெரிய உத்தியோகஸ்தர் வரும்போது பெண் அலங்கோலமாக நிற்கக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. அவள் காபி கொண்டுவந்து வைத்து, நமஸ்காரம் பண்ணி, தலை குனிந்து உட்கார்ந்தாள். என்ன படித்தாய் என்று கேட்டார், சொன்னாள். தூக்கம் வருகிறதா என்று கேட்டார்.

"நன்னா வரது மாமா" என்றாள்.

வாசலில் அவர் என் கணவரிடம், "நீங்க சொல்றதைத் தனியா எழுதிக்கலாம் சார். ஆனா நானே கண்ணால பார்த்ததுன்னு ஏதாவது வேணும். அது இல்லாம ஒரு பொண்ணை அடைச்சு வைக்கச் சட்டம் விடாது. விடவும் கூடாது" என்றார். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிப் போனார்.

உள்ளே அவள் டம்ளரை எடுத்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, பிள்ளை வரலையா? அப்பா மட்டுந்தான் வந்தாரா? மீசையைப் பாத்தியோ, பாதி காபி அதுலயே தங்கிடுத்து."

"அவர் டாக்டர்டி."

"நாடி பாக்காத டாக்டரா? போம்மா."

அதற்குப் பிறகு சில நாள் வேளைக்குச் சாப்பிட்டாள். கொல்லைப் பக்கமே போகவில்லை. "பேசாம நிஜமாவே ஒரு வரன் பாத்துடலாமோன்னு தோணறது" என்றார் என் கணவர்.

"யாராத்துக் கிணத்துல போய் விழறதுக்கு?" என்றேன்.

பிறகு அவள் தபால்காரருக்காக வாசலில் நிற்கத் தொடங்கினாள். அவள் எதிர்பார்த்த பிள்ளை வீட்டுப் பதில் ஒன்றும் வரவில்லை. சாப்பாடு குறைந்தது. ஒரு விடியற்காலையில் கிணற்றுப் பலகை நகர்ந்து கிடந்தது.

டாக்டர் மறுபடி வந்தது சொல்லாமல் கொள்ளாமல், மத்தியானத்தில். அவள் அவிழ்ந்த தலையோடு நேரே அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். "ஏன் மாமா பதில் போடலை? எங்கிட்ட என்ன குறை?"

அவர் பேனாவைத் திறந்தார்.

"இதை எழுதாதீங்கோ" என்றேன். "இது பைத்தியமில்லை. அலங்காரம் பண்ணி உட்கார வச்சா எந்தப் பொண்ணும் இப்படித்தான் நினைச்சுப்பா."

"என்னடி பண்றே?" என்றார் என் கணவர், பல்லைக் கடித்துக்கொண்டு. அந்தக் காகிதம் இல்லாமல் இவளை உயிரோடு வைத்திருக்க எங்களால் ஆகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டு வழக்கம் அவளுடைய நோயாக எழுதப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவளிடம் கேட்டார். "நான் பதில் போடமாட்டேன்னு யார் உனக்குச் சொன்னாங்க?"

"அவதான்." கொல்லைப் பக்கம் கையைக் காட்டினாள். "இப்பக்கூடச் சொல்லிண்டிருக்காளே, உங்களுக்குக் கேக்கலையா? இனிமே ஒருத்தரும் வரமாட்டா, நீ இறங்கி வந்துடுன்னு."

அவர் நிஜமாகவே காது கொடுத்துக் கேட்பவர் போலச் சிறிது நேரம் இருந்தார். பிறகு எழுதினார். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு அந்தப் பேனாவையே பார்த்தாள்.

"எழுதறார்மா" என்றாள், மெதுவாக.

உத்தரவு கிடைத்ததும், அவளிடம் நான்தான் சொல்ல வேண்டுமென்று என் கணவர் தெருவில் போய் நின்றுகொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்று சொன்னேன். அவள் அழவில்லை. கொல்லைப் பக்கம் திரும்பி, யாருக்கோ சரி என்பது போலத் தலையை மட்டும் ஆட்டினாள்.