இரும்பண்ணனின் சர்க்கரை

ஆஸ்பத்திரி, ஓட்டல் துணிகளை வெளுக்கும் ஆலையில் பாய்லர் பார்ப்பவரை எல்லோரும் இரும்பண்ணன் என்றே அழைத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் உடம்புக்கு முடியவில்லை என்று அவர் விடுப்பு எடுத்ததே இல்லை. பாய்லர் விஷயத்தில் மட்டும் அவர் யார் வார்த்தையையும் நம்பமாட்டார். ஆண்டுக்கொரு முறை அதை அணைத்து, ஆறவைத்து, உள்ளே படிந்த உப்பைச் சுரண்டி, பரிசோதகரிடம் காட்டிச் சான்று வாங்குவார். ஆலையில் மருத்துவ முகாம் போட்டால், "பாய்லரை யார் பாக்கிறது?" என்று நழுவிவிடுவார். ஊசி என்றால் அவருக்கு நடுக்கம். அது மனைவிக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

மனைவிக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. வேளாவேளைக்கு மாத்திரை போடும் அந்த அம்மாளுக்கு அவர் வைத்த பெயர் மருந்துக்கடை.

கொரோனா பரவியபோது, நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்கு உயிராபத்து அதிகம் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். சொன்னது சரிதான். இரும்பண்ணன் அதை மனைவியைப் பற்றிய செய்தியாக மட்டும் எடுத்துக்கொண்டார்.

"நீ வாசப்படி தாண்டாதே. கடை கண்ணிக்கு நான் போறேன்."

"உங்களுக்கு வந்துட்டா?"

"நோய் நொடி இல்லாத உடம்புடி இது."

"ரத்தம் குத்திப் பாத்தாத்தானே தெரியும், இருக்கா இல்லையான்னு!"

"உன் ஊசியை உன்னோட வச்சுக்க."

சில மாதங்களாகச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பழியைப் பாய்லர் சூட்டின்மேல் போட்டிருந்தார்.

தடுப்பூசியில் நாட்பட்ட நோயாளிகளுக்கு முன்னுரிமை என்றார்கள். மனைவியைக் கூட்டிப்போனவர் வெளியே நின்றார். "உங்களுக்கு இல்லீங்களா?" என்று காவலாளி கேட்டதற்கு, "நான் நோயாளி இல்லப்பா," என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

கடைசியில் தொற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவரேதான். மனைவி சில நாள் இருமிவிட்டு எழுந்துவிட்டார். இரும்பண்ணனுக்குக் குளியலறை வரை நடந்தாலே மூச்சு வாங்கியது. மறுக்கத் தெம்பில்லாத அந்த நேரம் பார்த்து, மனைவி அவர் விரலைப் பிடித்துக் குத்தினார். அவருடைய சர்க்கரை பார்க்கும் கருவி நானூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

"மெஷின் பழசு," என்றார் முனகலாக.

"காலையில எனக்கு நூத்தி முப்பது காட்டிச்சு. எனக்கு மட்டும் புதுசா?"

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாட்டிக்கொண்டே டாக்டரம்மா கேட்டார்: "எத்தனை வருஷமா சுகர்?"

"எனக்கு சுகர் இல்லம்மா."

"யார் சொன்னது?"

யோசித்துப் பார்த்தார். "யாரும் சொல்லலை."

"அதாங்கய்யா வம்பு. உங்க வீட்டம்மாவுக்கும் சுகர்தான். ஆனா அவங்க அதைக் கட்டிப்போட்டு வச்சிருக்காங்க, தடுப்பூசியும் போட்டாச்சு. உங்களோடது அவுத்துவிட்ட மாடு. நுரையீரலுக்கு நான் குடுக்கிற மருந்து சுகரை இன்னும் ஏத்தும். ரெண்டையும் சேத்துத்தான் பிடிக்கணும். பிழைக்க வைக்கப் பாக்குறேன், சத்தியம் பண்ண மாட்டேன்."

பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரர். அவரும் தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி வந்தவர்தான். ஒரு காலையில் அந்தக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள். திரை விலகியபோது கட்டில் காலி. புது விரிப்பு விரித்தார்கள். அதன் ஓரத்தில் இருந்தது இரும்பண்ணனுடைய ஆலையின் முத்திரை.

அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டால், பாய்லர் அறையில் ஒரு நிமிடம்கூட ஆளை நிற்கவிடாதவர் அவர். தன் உடம்பு விஷயத்தில் இத்தனை காலம் அப்படியொரு அறையில்தான் குடியிருந்திருக்கிறார். நர்ஸ் வந்தபோது, கேட்குமுன்னே விரலை நீட்டினார். கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டார்.

பிழைத்து வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? ஆலை வாசலிலேயே, "நானூத்திப் பன்னிரண்டுப்பா!" என்று விருது வாங்கியவர்போல ஆரம்பித்துவிட்டார். மாத்திரைப் பெட்டியில் சரிபாதி இடம் கேட்டு மனைவியிடம் தினமும் சண்டை.

அடுத்த மருத்துவ முகாமன்று, நோய் நொடி அறியாத ஃபிட்டர் அவரிடம் வந்தான்.

"நீங்க போங்கண்ணே, எனக்கென்ன இருக்கு? பாய்லரை நான் பாத்துக்கறேன்."

"அணைச்சாச்சு," என்றார் இரும்பண்ணன். "நட."