மதிலுக்கு வெளியே எடுத்த மண்

தீவு என்பது நான்கு புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி என்று எங்கள் பூகோளப் புத்தகம் சொன்னது. சேலத்தில் குடிதண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு அதை நம்புவது கொஞ்சம் சிரமம்தான். அதனால் அரைப்பரீட்சை லீவில் அப்பா என்னைத் தீவுக்குக் கூட்டிப்போகிறார் என்று தெரிந்ததும், தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தேன். கடல் இல்லாத ஜில்லாவில் தீவு ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது.

ஐம்பதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது. மேட்டூர் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன ஊர்களில் அப்பா பிறந்த ஊரும் ஒன்று. ஊர் தாழ்வில் இருந்தது. கல்லறைத் தோட்டம் மட்டும் பக்கத்தில் ஒரு கரட்டின், சின்னக் கற்குன்றின், மேல். அணை நிரம்பியபின் கரட்டின் தலை மட்டும் வெளியே நின்றது. அதுதான் எங்கள் தீவு. அங்கே குடியிருந்தவர்கள் இறந்தவர்கள் மட்டுமே. அவர்களையும் காலி செய்ய வைத்திருந்தார்கள்.

அந்த நடைமுறையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஊரைக் காலி செய்த வருஷம், பங்குச் சாமியார் கல்லறைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தாராம். வாசித்த பெயருக்கு உரிய குழியைத் தோண்டி, எலும்புகளைப் பானையில் எடுத்து, வாயைத் துணியால் கட்டி, வண்டியில் கொண்டுபோய்ப் புது ஊரில் மறுபடி அடக்கம் செய்தார்கள். பதிவேட்டில் இருந்தவர்கள் எல்லாரும் மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்குச் சாமியார் மந்திரித்த மண்ணில் இடமில்லை என்பது அந்தக் காலத்துச் சட்டம். அவர்களை மதிலுக்கு வெளியே புதைப்பார்கள். பெயர் வைக்காத பிள்ளைக்குப் பதிவு கிடையாது. பதிவில்லாத ஒன்றை இடம் மாற்றவும் வழி கிடையாது. நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவிலேயே பணிக்காலத்தைக் கழித்தவள் நான். அந்தச் சாமியாரின் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

அப்படி மதிலுக்கு வெளியே விடப்பட்டவர்களில் ஒன்று என் அத்தையின் பிள்ளை. அத்தை அப்பாவின் அக்கா. பிள்ளை பிறந்து சிறிது நேரமே மூச்சு விட்டதாம். உயிர் போகும் நிலையில் இருக்கிற குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஒரு கை தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். சாமியார் வரவேண்டும் என்பதில்லை. அந்த அறையில் இருந்தவர்கள் தாயைக் காப்பாற்றும் பதற்றத்தில் அதை மறந்துவிட்டார்கள். ஒரு கை தண்ணீர் கிடைக்காமல் போன பிள்ளை. அடுத்த வருஷம் ஊர்மேலேயே தண்ணீர் ஏறியது.

இவ்வளவும் எனக்குப் பின்னால் தெரியவந்தவை. அப்போது நான் அறிந்த அத்தை, கணவனை இழந்து, தொலைதூரத்தில் ஒரு கன்னியர் மடத்தில் சமையல் பார்த்துக்கொண்டு, கிறிஸ்மஸுக்கு நான்கு நாள் லீவில் வந்து, மூச்சு இரைக்க இரைக்க எங்களுக்கு அச்சுமுறுக்கு சுட்டுத் தருகிற ஒருத்தி. அந்த வருஷம் இரைப்பு அதிகம். தீவுக்குப் போகும் நாளைக் குறித்ததும் அவள்தான்.

"கிறிஸ்மஸ் கழிஞ்சு மூணாம் நாளே போயிரோணும் தம்பி."

"ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு லீவு போடற வேலை இல்லீங்கக்கா."

"ஞாயித்துக்கிழமை நான் மடத்துல இருக்கோணும். மூணாம் நாளே போலாம்."

மூன்றாம் நாள் மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோது அரசன் கொன்ற பச்சைக் குழந்தைகளின் நினைவுநாள். ஞானஸ்நானம் பெறாமலே மோட்சத்துக்குப் போனவர்கள் என்று திருச்சபை ஒப்புக்கொண்ட குழந்தைகள் அவர்கள்தான். ஞானோபதேச வகுப்பில் இதைச் சரியாகச் சொல்லி நான் ஒரு படம் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனாலும் அத்தை ஏன் அந்த நாளைப் பிடித்துக்கொண்டாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. எனக்கு அது பிக்னிக். புளிசாதம், முறுக்கு, புது கவுன்.

விடியும் முன்னே பஸ். மேட்டூரில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, கொஞ்ச தூரம் நடந்து கரைக்குப் போனபோது பனி இன்னும் தண்ணீர்மேல் கிடந்தது. பரிசல் கவிழ்த்துவைத்த பெரிய கூடைபோல இருந்தது. அப்பா தாலுகா ஆபீஸில் எழுத்தர். கேட்பார் இல்லாத காரியத்துக்கும் ஒரு அனுமதிக் கடிதம் வாங்கி வைத்திருப்பார். அதை எடுத்துப் பரிசல்காரரிடம் நீட்டினார்.

"எனக்கெதுக்குங்க கடுதாசி? காத்துகிட்ட காட்டுங்க. மத்தியானத்துக்கு மேல இங்க அதுதான் அதிகாரி."

"அதுக்குள்ள திரும்பிடலாமில்ல?"

"நீங்க திரும்பலாங்க. அந்தக் கரட்டுக்குப் போற பொம்பளைங்கதான் சீக்கிரம் திரும்ப மாட்டாங்க."

அத்தை அவரை ஒருமுறை பார்த்தாள். அவர் பரிசலைப் புரட்டிப்போடப் போய்விட்டார்.

பரிசல் நேராகப் போகாது. அரைவட்டம் சுற்றிச் சுற்றித்தான் முன்னேறும். நடுவழியில் அப்பா கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டி, "இதுக்குக் கீழதான் நம்ம ஊடு" என்றார். நான் குனிந்து பார்த்தேன். பச்சையாக என் முகம்தான் தெரிந்தது. அத்தை குனியவில்லை. மடியில் ஒரு காலி பிஸ்கட் டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த கரட்டையே பார்த்திருந்தாள்.

தீவு எனக்குப் பெரிய ஏமாற்றம். இடிந்த மதில், உள்ளே பாதி தூர்ந்த குழிகள், முள். அப்பா மதிலுக்குள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அத்தை உள்ளே வரவே இல்லை. வெளிப்புறமாகச் சரிவில் இறங்கி, தண்ணீர் ஓரம் போனாள். தண்ணீர் நிறைகிற வருஷங்களில் அந்த இடம் மூழ்கும், வற்றினால் வெளியே வரும். அங்கே பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை ஒன்று இருந்தது. நாலடி தள்ளி இன்னொன்றும் இருந்தது.

அத்தை முதல் கட்டையருகே நின்றாள். பிறகு இரண்டாவதற்குப் போனாள். திரும்ப முதலாவதற்கே வந்தாள். காலால் மண்ணைத் தடவிப் பார்த்தாள். பின்னால் வந்து நின்ற அப்பா மெதுவாகக் கேட்டார்.

"இங்கதானுங்களாக்கா?"

"ஒரு வேப்பமரந்தான் தம்பி இருந்துச்சு."

ஆவணம் இல்லாத இடத்தில் அப்பாவுக்குப் பேச்சு வராது.

அத்தையே, "இங்கதான்" என்று சொல்லி உட்கார்ந்தாள். மெழுகுவத்தி ஏற்றினாள், காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி அணைந்தது. மூன்றாம் முறை நான் கவுனை விரித்துப் பிடித்துக்கொண்டேன், எரிந்தது. ஜெபம் சொல்லி முடித்து, கையாலேயே செம்மண்ணைத் தோண்டி டின்னை நிரப்பினாள்.

"என்னை எந்த ஊர்ல பொதச்சாலும் சரி தம்பி, இந்த மண்ணு என்கூட பெட்டிக்குள்ள வந்துரோணும். நீதான் பாத்துக்கோணும்."

"சரிங்கக்கா."

திரும்பும்போது பரிசல்காரர் சொன்ன அதிகாரி வந்துவிட்டார். பரிசல் ஆடியது, உள்ளே தண்ணீர் தெறித்தது. அப்பா ஒரு தகரக் குவளையால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றினார். அத்தைக்கு இரைப்பு கூடி, பேசவும் முடியாமல் டின்னை என் கையில் கொடுத்தாள்.

"பத்திரமா வெச்சுக்கோ சாமி."

பரிசல்காரர் வழியிலிருந்த இன்னொரு சின்னத் தீவில் ஒதுங்கினார். அது வெறும் பாறையும் சாம்பல் நிற மணலும். காற்று அடங்கும்வரை அத்தை பாறை மறைவில் படுத்திருக்க, அப்பா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் தீவைச் சுற்றிவரப் போனேன். என் புத்தகம் சொன்னபடி நான்கு புறமும் நீர் இருக்கிறதா என்று சரிபார்க்கவேண்டியிருந்தது. பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னதால் டின்னையும் கூடவே எடுத்துப்போனேன்.

மூன்றாம் புறத்தில் பாசியில் கால் வழுக்கியது. டின் பாறையில் மோதி, மூடி கழன்று, வாய் குப்புறத் தண்ணீரில் விழுந்தது. எட்டி எடுத்துவிட்டேன். ஆனால் அது காலி. தண்ணீரில் ஒரு சிவப்புக் கறை விரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலைந்து பச்சையாகிவிட்டது.

அழவில்லை. மண் போனால் மண். அது தீவு, இதுவும் தீவு. டின்னைக் கவுனால் துடைத்தேன். காலுக்குக் கீழே கிடந்த மணலை அள்ளி, முன்பு இருந்த அளவுக்கே நிரப்பி, மூடியை அழுத்தினேன். யாரும் பார்க்கவில்லை. திரும்பிப் போனபோது அத்தை எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். அத்தை சமையலறை விளக்கடியில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். டின்னுக்குள் நெடுநேரம் பார்த்தாள். விரலை விட்டு, மணலில் கிடந்த ஒரு சின்ன நத்தை ஓட்டை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். பிறகு அதைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

கூடத்திலிருந்து அப்பா கேட்டார்: "எல்லாம் சரியா இருக்குதுங்களாக்கா?"

"சரியா இருக்குது தம்பி."

மூடிவிட்டு என்னை அருகே அழைத்தாள். என் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். "துளி சிந்தாம கொண்டாந்திருக்கற சாமி" என்றாள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, உடம்பு முடியாமல் எங்கள் வீட்டுக்கே வந்து அத்தை இறந்தாள். நான் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தேன். சவப்பெட்டியை மூடும் முன் அப்பா அவளுடைய டிரங்குப் பெட்டியிலிருந்து டின்னை எடுத்து வந்தார். கையில் கொட்டியதும் நின்றுவிட்டார்.

"செம்மண்ணுதானே எடுத்தோம்?"

"நாளானா வெளுத்துப் போயிரும்ப்பா" என்றேன். அதன்பின் எத்தனையோ சான்றிதழ்களில் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மூலத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒன்றில்கூடப் போட்டதில்லை. என் முதல் சான்று மட்டும் வாய்மொழி. அப்பா சாம்பல் நிற மணலை அத்தையின் கைகளுக்கு நடுவே வைத்தார். நத்தை ஓடும் அதிலேயே இருந்தது.

டின் கொண்டுவந்த அந்த மாலை, அத்தையை ஏமாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் நான் சீக்கிரமே படுத்துவிட்டேன். கண் சொருகும் முன் ஒருமுறை அத்தையைப் பார்த்தேன். பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டின் மடியில் இருந்தது. ஒரு கை அதன் மூடிமேல் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தது. மண்ணை எதற்குத் தட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.