அப்பா ஜோலார்பேட்டைக்குப் போன நாள்

ஆம்பூரில் குடியிருந்துகொண்டு, ரம்ஜான் அன்று பக்கத்து வீட்டிலிருந்து வந்த பிரியாணியை மூடிகூடத் திறக்காமல் திருப்பி அனுப்பிய குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அப்பாவின் உத்தரவு. அந்த வீட்டு அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, என் தலையைத் தடவிவிட்டுப் போனார். எனக்குத்தான் அன்று பகல் முழுக்க வயிறு எரிந்தது.

அப்பாவுக்குப் பெட்ரோல் பங்குகளைச் சோதனை போடும் அரசாங்க வேலை. பெட்ரோலிலும் டீசலிலும் மண்ணெண்ணெய் கலந்து விற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஊரில் யார் எந்தப் பங்க்காரருக்குச் சொந்தமோ, யாருக்குத் தெரியும்? ஆகவே யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது, யார் வீட்டுக்கும் விளையாடப் போகக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒரு மாற்றல் வேறு. கலவை என்ற ஊரில் பிறந்த நான் பத்து வயதுக்குள் நான்கு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் கடைசி பெஞ்சின் ஓரம் எனக்கென்று காலியாக இருந்தது.

வீட்டிலும் அப்பா பேச மாட்டார். அவர் எந்த ஊருக்குப் போகிறார் என்பது அம்மாவுக்கே தெரியாது. ஜீப் ஹைவேயில் ஏறும்போதுதான் இடப்பக்கமா வலப்பக்கமா என்று டிரைவருக்கே சொல்வாராம். பால்காரரிடம் மட்டும் நின்று நாலு வார்த்தை பேசுவார். அதுவும் தண்ணீர் ஜாஸ்தி என்றுதான்.

ஆம்பூர் பள்ளியில் சேர்ந்த இரண்டாவது வாரம் ஸ்டெல்லா தானாக எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோல் பதனிடும் டேனரிப் பக்கமிருந்து காற்றடித்தால் வாயால் மூச்சு விட வேண்டும் என்று அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவள் டிபன் பாக்ஸிலிருந்து எடுத்துத் தின்றேன். அப்பாவின் சட்டத்தை நான் மீறியது அங்கேதான், அதுவும் தினமும். அவளுடைய அப்பா பள்ளிக்கு எதிரே, ஹைவே ஓரமிருந்த பெட்ரோல் பங்கில் மேனேஜர்.

என் அப்பாவைப் பற்றி அத்தனை ஆசையாகக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். "உங்கப்பா நாளைக்கு எங்க போறாராம்?" என்பாள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருக்கும். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். சோதனைக்குப் போகிற நாளுக்கு முந்தின நாள் காலையில், அப்பா தன் கண்ணாடி ஜாடியைத் தானே கழுவி, சமையலறை சன்னலில் கவிழ்த்து வைப்பார். அந்த ஜாடியில்தான் பெட்ரோலை ஊற்றி, எண் போட்ட குழலை மிதக்கவிட்டுப் பார்ப்பது. "இன்னிக்கு ஜாடி கழுவினாரு" என்று நான் சொன்னால் ஸ்டெல்லாவின் முகம் மலரும். அன்று அவள் டிபனில் பாதிக்கு மேல் எனக்குத்தான்.

அந்தப் பங்க்கின் மேல் புகார் வந்துகொண்டே இருந்ததாம். அங்கே பெட்ரோல் போட்ட ஷேர் ஆட்டோக்கள் பாதி வழியில் நின்றன. டீசல் போட்ட ஷூ கம்பெனி வேன் ஒன்று புகை கக்கிப் படுத்துவிட, வேலைக்குப் போன பெண்கள் வெயிலில் நடந்தே போய் அரைநாள் சம்பளத்தை இழந்தார்கள். ஆனால் அப்பா போய்ப் பார்க்கும்போதெல்லாம் எல்லாம் பத்தரைமாற்றுத் தங்கமாக இருந்தது. வடிதாளில் ஒரு சொட்டு விட்டால் கறையில்லாமல் காய்ந்தது.

ஒரு நாள் சாயங்காலம் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து என் பக்கத்தில், தரையில், உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பள்ளியில் உன் பக்கத்தில் யார் என்று கேட்டார். சொன்னேன். அவளுடைய அப்பா என்ன வேலை என்று கேட்டார். அதையும் சொன்னேன். டிபன் விஷயம் தெரிந்துவிட்டது, அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன். நீங்கள் என்ன பேசிக்கொள்வீர்கள் என்றார். உங்களைப் பற்றித்தான் பேசுவோம் அப்பா, ஜாடி கழுவினால் சொல்வேன் என்றேன், பெருமையாக. அப்பா என் நோட்டை எடுத்துப் பார்த்தார். அடிக்கவில்லை. எழுத்து நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை ஜாடியைக் கழுவிச் சன்னலில் வைத்தார். ஷூ மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து குனிந்தார்.

"நாளைக்கு ஜோலார்பேட்டைக்குப் போறேம்மா. அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உங்கிட்டதான் சொல்றேன். உனக்கு இன்னா வாங்கினு வரட்டும்?"

கலர் பென்சில் என்றேன். என்னை ஒரு ஆளாக மதித்து அப்பா சொன்ன முதல் விஷயம் அது. முதல் பீரியட் வரைதான் என்னால் அதை வயிற்றில் வைத்திருக்க முடிந்தது. ஸ்டெல்லாவின் காதில் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து, நிஜமாவா என்று இரண்டு முறை கேட்டாள். அன்றைய தினத்தைப்போல நான் சந்தோஷமாக இருந்த நாள் அந்த ஊரில் வேறில்லை.

அடுத்த நாள் இடைவேளையில் காம்பவுண்ட் சுவர் ஓரம் நாங்கள் நின்றிருந்தோம். எதிரே பங்க்கில் அப்பாவின் ஜீப் நின்றது. அப்பா ஜாடியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி வெயிலில் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாவின் அப்பா கைகட்டி நின்றவர், கொஞ்ச நேரத்தில் கைகூப்பினார். கறை படிந்த வடிதாளை அப்பா அவரிடம் நீட்டியதும் அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். "ஜோலார்பேட்டைன்னு சொன்ன இல்ல?"

"அப்பா அப்படித்தான் சொன்னாரு."

அவள் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. மணி அடித்ததும் முதல் பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

பங்க்குக்கு சீல் வைத்தார்கள். முதலாளி எங்கோ சென்னையில் இருப்பவர், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கலந்தது மேனேஜர்தான் என்று சொல்லிவிட்டார். ஸ்டெல்லாவின் அப்பாவுக்கு வேலை போனது, போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடந்தார் என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள். அரைப்பரீட்சைக்கு முன்பே அவள் டிசி வாங்கிக்கொண்டு போனாள். எந்த ஊர் என்று எனக்குச் சொல்ல யாருமில்லை.

சோதனை நடந்த அன்று சாயங்காலம் அப்பா சொன்னபடி கலர் பென்சில் வாங்கி வந்தார். பன்னிரண்டு கலர். பையில் எங்கள் தெருமுனைக் கடையின் பெயர் இருந்தது. அப்பா என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் குளிக்கப் போனார். அன்று அவர் சாப்பிடவில்லை என்று அம்மா முணுமுணுத்தாள்.

எனக்கு ஸ்டெல்லாவின் மேல்தான் கோபம். அப்பாவுக்குக் கடைசி நேரத்தில் வேலை மாறியிருக்கும், அதற்கு நான் என்ன செய்வேன், இதற்குப் போய் யாராவது பேசாமல் இருப்பார்களா என்று நினைத்தேன். நான் போய்ச் சொல்வேன் என்று தெரிந்தேதான் அப்பா சொன்னார் என்பது புரிய ஏழெட்டு வருடம் ஆயிற்று. அவரைக் குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை. வெயிலில் நடந்துபோன அந்தப் பெண்களுக்கு அவரை விட்டால் யார் இருந்தார்கள்?

ஆனால் அது பின்னால் வந்த புத்தி. அந்த வருடம் முழுக்க, சன்னலில் ஜாடி கவிழ்ந்திருந்த காலைகளில் நான் ஷூ லேஸை மெதுவாகக் கட்டுவேன். அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுவேன். அப்பா குனிந்து, நாளைக்கு எங்கே போகிறேன் என்று என்னிடம் மட்டும் சொல்வார் என்று காத்திருப்பேன். ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்கும்.