திங்கட்கிழமை இருமல்

முந்தாநாள் காலை, சாரலில் நனைந்தபடி மேலகரத்திலிருந்து ஒருவர் வந்து, "கம்பவுண்டர் அண்ணாச்சி போயிட்டாவ, டாக்டரய்யா" என்றார். எந்தக் கம்பவுண்டர் என்று கேட்கத் தேவையில்லை. தென்காசியில் அந்தப் பெயர் எங்கள் ஆறுமுகத்துக்குத்தான். உங்களில் பலர் அவர் கலக்கிய மிக்சரைக் குடித்து முகம் சுளித்தவர்கள்தானே.

நோயாளியிடம் நான் வாய் திறப்பதற்குள், "என்ன ஜோலி பாக்கீரு?" என்று கேட்டுவிடுவார். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் தொழிலுக்கு இடம் கிடையாது. ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிவைப்பார். பக்கத்தைப் பாழாக்குகிறார் என்று நான் கத்தியிருக்கிறேன்.

யுத்த காலத்தில், உண்மையைச் சொன்னால் பட்டாளத்துக்குப் பிடித்துப் போவார்கள் என்று பயந்து எல்லோருமே "வெள்ளாமை" என்றார்கள். அண்ணாச்சி விடுவாரா? கையைத் திருப்பிப் பார்ப்பார். "வெள்ளாமைக் கையில புகையிலைக் கறை எப்படிவே வந்துது?" பீடி சுற்றுகிறவர் சிரித்துவிடுவார். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களின் விரலிடுக்குப் புண்ணும் இப்படித்தான் அந்த ஓரத்தில் ஏறியது.

சுரண்டைப் பக்கத்துப் பருத்தி அரவை மில்லில் மாடசாமி என்று ஒருவர். திங்கள்தோறும் நெஞ்சை அடைக்கிறது என்று வருவார். ஞாயிறு லீவில் சுகம் கண்ட சோம்பேறி என்று முடிவுகட்டி, உடம்பு சரியில்லை என்று மில்லுக்குச் சீட்டுக் கொடுக்காமல் விரட்டினேன். சீட்டு இல்லாவிட்டால் அவருக்கு வேலை போய்விடும். மூன்றாம் திங்களன்று அண்ணாச்சி பதிவேட்டை என் முன் விரித்தார். அதே மில்லைச் சேர்ந்த பதினோரு பேர், எல்லோருக்கும் இருமல், எல்லாம் திங்கட்கிழமை.

"சோம்பேறின்னா செவ்வாக்கிழமையும் வருவாம்லா அய்யா? ஒருநா தூசியில்லாம இருந்துட்டு மறுபடி உள்ள போனா நெஞ்சு அடைக்கு."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்றே சீட்டு எழுதினேன். மழையோடு சைக்கிள் மிதித்துப் போய், மாடசாமியை மில் வாசல் காவலுக்கு மாற்ற வைத்துவிட்டுத்தான் அண்ணாச்சி திரும்பினார். நேற்றுச் சுடுகாட்டில் என்னைவிட அதிகம் அழுதவர் அந்த மாடசாமி.

மருந்து வேரை இடித்துச் சலிக்கும் நாட்களில் அண்ணாச்சிக்குத் தும்மல் அடுக்கும், மூச்சு இழுக்கும். பக்கத்து அறையிலிருந்து இருபது வருஷம் கேட்டிருக்கிறேன். "கம்பவுண்டருக்கே மிக்சர் வேணுமோ?" என்று கேலி செய்திருக்கிறேன். அந்த இழுப்புத்தான் அவரைக் கொண்டுபோயிற்று.

சுடுகாட்டிலிருந்து வந்து பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். அவர் பெயர் எங்குமே இல்லை. கடைசிப் பக்கத்தில் நானே எழுதினேன்: ஆறுமுகம், மூச்சிழுப்பு. ஓரத்தில் பொடி எழுத்தில்: கம்பவுண்டர்.

அவருடைய கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன். இன்று காலை வந்த முதல் ஆளிடமே கேட்டுவிட்டேன். அண்ணாச்சியிடம்தான் ஒருநாளும் கேட்கவில்லை.