கோடித் துணியில் மிஷின் தைத்த காவிரி

பங்குனி முதல் வாரத்தில் குமாரபாளையம் போய்வந்தேன். கோயில் பார்க்கப் போகவில்லை. ஒரு தையல் மிஷின் கல்யாணப் பெண்ணோடு மாமனார் வீட்டுக்குப் போகுமா போகாதா என்று தீர்க்கப் போனேன். கைத்தறித் துணியில் மிஷின் பூவேலை செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இந்தப் பயணம் உதவும். மற்றவர்களுக்குக் காவிரி இருக்கிறது.

முருகேசன் சென்னையில் என்னோடு நெசவுத் தொழிற்கல்வி படித்தவன். இப்போது குமாரபாளையத்தில் சொந்தத் தறியில் உட்கார்ந்திருக்கிறான். அவன் தங்கை செல்லம்மாள் கால்மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைக் கழற்றிவிட்டு, அடியில் துணியைத் தள்ளும் பல்லைத் தகட்டால் மூடிவிட்டு, துணியை வளையத்தில் பூட்டிக் கையாலேயே நகர்த்திப் பூப்போடுகிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம். அவளுக்கு ராசிபுரத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் ரங்கப்பனும் நெசவாளிதான். அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தறித்துணியில் பூத்தைத்து, அதைத் துவைத்த பிறகும் பூ பூவாகவே இருந்தால் மிஷினும் வரலாம். இல்லாவிட்டால் அண்ணன் வீட்டோடு கிடக்கட்டும்.

முதல் துண்டு தோற்றுவிட்டது. வெளுத்து வந்ததைப் பிறகு நானும் பார்த்தேன். பூக்களெல்லாம் சுண்டைவற்றல். இன்னொரு தடவைதான் பார்ப்பேன் என்று ரங்கப்பன் சொல்லிவிட்டார். யுத்தம் முடிந்தும் நூல் கண்ட்ரோல் முடியவில்லை. முருகேசன் தறியில் மிஞ்சியிருந்தது ஒன்றரைக் கஜம் வெள்ளைத் துணி. அதையும் கெடுத்தால் வேறு துணி கிடையாது. அதனால்தான் எனக்குச் சொல்லி அனுப்பினான்.

சேலத்திலிருந்து சுமார் முப்பத்தைந்து மைல். பஸ் காலை ஏழு மணிக்கு. ஒரு ரூபாய் இரண்டணா வாங்கினார்கள். மூன்று மணி நேரத்தில் போய்விடும் என்றார்கள், நம்பாதீர்கள். கரியில் ஓடும் பஸ். ஒவ்வொரு ஏற்றத்திலும் இறங்கி நின்று கரி அடுப்பைக் கிண்டுகிறார்கள். காற்று உள்ளே போகும் குழாயைச் சுத்தம் செய்தாலே பாதித் தொல்லை போய்விடும் என்று டிரைவரிடம் சொன்னேன்.

"அப்படீங்களா சாமி? அப்ப நீங்களே வந்து ஓட்டுங்க. நான் உங்க எடத்துல சித்த கண்ணசந்துக்கறேன்" என்றார்.

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பியதும் நல்லதாகப் போயிற்று. வழியில் ஒரு கிழங்குமாவு ஆலை. மரவள்ளி மாவைக் களமெங்கும் பரப்பி உலர்த்தியிருந்தார்கள். காலை வெயிலில் அந்த வெள்ளை, தரையிலிருந்து ஒரு விரற்கடை மேலே மிதப்பது போல இருந்தது. மாவைத் துழாவிக்கொண்டு நடந்த பெண்களுக்குப் பாதங்களே தெரியவில்லை. பஸ் மறுபடி கரி கேட்டு நின்றதால் இறங்கிப் போய் இரண்டு ராத்தல் மாவு வாங்கினேன். துணியை விறைப்பாக்க ஏதாவது வேண்டியிருக்கும் என்று தோன்றியது. சங்ககிரி மலை வெகுநேரம் கூடவே வந்தது. எவ்வளவு போனாலும் அதே தூரத்தில் நின்றது. குமாரபாளையத்தில் இறங்கும்போது பன்னிரண்டு ஆகப்போகிறது.

தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, இடுப்புயரத்தில் ஆயிரக்கணக்கான நூல்கள். காற்று வந்தபோது தெருவே ஒருமுறை மூச்சுவிட்டது. குனிந்து நுழைந்துதான் முருகேசன் வீட்டுக்குப் போக வேண்டும்.

தோற்ற துண்டைக் கையில் எடுத்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. தறியிலிருந்து அறுத்த துணியை அப்படியே தைத்திருக்கிறாள். முதல் தண்ணீர் பட்டதும் துணி சுருங்கியது, பூப்போட்ட மில் நூல் சுருங்கவில்லை. முதலில் நனைத்துச் சுருங்கவிட்டு, அப்புறம் தைத்திருக்க வேண்டும். இது படித்த முருகேசனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நெசவு வீட்டில் கோடித் துணியை யாரும் நனைப்பதில்லை. மூலையில் மஞ்சள் தடவி, கஞ்சி மொடமொடப்போடு உடுத்துவதுதான் கோடி. அவனுக்கு அந்த எண்ணமே வரவில்லை.

"நனைக்க வேண்டும்" என்றேன்.

அவன் தாயார் அடுப்படியிலிருந்து வந்துவிட்டார். "கலியாண ஊட்டுல கோடிய நனைக்கறதாமா? நல்லா இருக்குது உங்க படிப்பு! ஈரத்துணி எந்த ஊட்டுல தொங்கும்னு தெரியுமுங்களா?"

"பழைய துண்டு மாதிரிதான் வரும், பரவாயில்லையா?" என்றேன். எனக்குப் பொறுமை கம்மி.

முருகேசன் கூரையைப் பார்த்தான். செல்லம்மாள் துணியை எடுத்தாள், தொட்டிக்குப் போனாள், முழுக முக்கினாள்.

"நனஞ்சு போச்சுங்கம்மா. இனி அது கோடியில்ல, பழசு. பழசுல தெச்சா என்ன?"

தாயார் அடுப்படிக்கே திரும்பிப் போய்விட்டார்.

கஞ்சி போன துணி வாழைப்பட்டை நார் மாதிரித் துவண்டது. இப்படியே தைத்தால் ஊசி துணியையும் சேர்த்து அடியில் இழுக்கும். கிழங்குமாவைக் கூழாகக் காய்ச்சித் தடவி, அப்பளம் போல விறைக்கும்வரை உலர்த்தினோம். எனக்கு அதுதான் பெரிய கஷ்டம். நாலு தடவை போய்த் தொட்டுப் பார்த்தேன்.

"ஏனுங்க, அதென்ன தோசைங்களா, திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க?" என்றாள் செல்லம்மாள். "போயி ஆத்துல காலை நனைச்சுட்டு வாங்க."

போனேன். பங்குனிக் காவிரி இளைத்து, பாறைகளுக்கு நடுவே பல கிளையாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் பவானி வெயிலில் கரைந்து, கோபுரம் மட்டும் மிச்சமாக நின்றது. எங்கோ தறிச் சத்தம். தண்ணீர்ச் சத்தத்தோடு அது கலந்தபோது, ஆற்றையே யாரோ நெய்துகொண்டிருப்பதாகப் பட்டது. இப்படியெல்லாம் நினைக்கிற ஆள் நானில்லை. காலை எடுக்க மனசில்லாமல் வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் தைத்துக்கொண்டிருந்தாள். பூப்போடவில்லை. பாவு முடியும்போது தறியில் அறுத்துப் போடும் நூல்துண்டுகள் இருக்கின்றனவே, நீலமும் பச்சையுமாக அவற்றைத் திரித்துத் துணிமேல் நெளிநெளியாகக் கிடத்தினாள். அவற்றுக்கு மேலேயே மிஷினை ஓட்டினாள். பழைய சேலைக்கரையின் துண்டுகளை நடுநடுவே பாறையாக ஒட்டித் தைத்தாள். ஊசி ஓரிடத்திலேயே ஏறியிறங்கியது. துணிதான் அவள் விரல்களுக்கடியில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. அடிநூலை ஒரு திருகு தளர்த்தினேன். என் பங்கு அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் ரங்கப்பன் வந்தார். மோர்கூடக் குடிக்கவில்லை. துணியை விரித்துப் பார்த்தார்.

"இதென்ன, பூவா பாம்பா?"

"தண்ணிங்க மாமா."

"தண்ணியத் தண்ணியிலயே போட்டுப் பாத்துரலாம்."

வண்ணாரிடம் கொடுக்கவில்லை. தாமே படித்துறையில் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லில் அடித்தார். ஒவ்வொரு அடியும் எங்களுக்கு விழுந்தது. கிழங்குமாவு பால்போலக் கரைந்து ஆற்றோடு போயிற்று. பிறகு துணியைத் தண்ணீர்மேல் விரித்துவிட்டார். ஒரு கணம் எது ஆறு, எது தையல் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

பிழிந்து உதறிப் பாறையில் போட்டார். தட்டையாகக் கிடந்தது. ஒரு மூலையில் மட்டும், நூல் இரண்டடுக்காக ஏறிய இடத்தில், கொஞ்சம் கூம்பியிருந்தது. அவர் விரல் நேரே அங்கேதான் போயிற்று.

"இங்க சுருங்கியிருக்குது."

"ஆறு அந்த எடத்துல சுழிக்குதுங்க மாமா" என்றாள் செல்லம்மாள்.

"வாய் மட்டும் சுருங்கலை" என்றார் ரங்கப்பன்.

அவர் துணியைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். எனக்குத் தாங்கவில்லை. "ஆகுமா ஆகாதா, சொல்லிவிடுங்கள்" என்றேன்.

"இருங்க தம்பி. ஊட்டுல பகல் வெளிச்சம் வர்றது ஒரே சன்னல்லதான். அங்க நான் காலை உட்டு நெய்யற தறிக்குழி இருக்குது." துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "வேற எடத்துல குழி வெட்டோணும். கலியாணத்துக்குள்ள ஆள் கெடைக்குமான்னுதான் ரோசன பண்றேன்."

செல்லம்மாள் அங்கேயே, ஈரப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நீங்கள் செய்து பார்ப்பதானால்: கைத்தறித் துணியை முதலில் நன்றாக நனைத்து உலர்த்துங்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்குத் தெரியாமல். மரவள்ளிக் கூழைக் கெட்டியாகத் தடவுங்கள். முழுக்கக் காயும்வரை தொடாதீர்கள். நூல்துண்டுகளை இரண்டடுக்கு ஏற்ற வேண்டாம். மாசியிலோ பங்குனியிலோ போங்கள், மழை மாதத்தில் எதுவும் காயாது. கட்டுச்சாதம் எடுத்துக்கொள்ளுங்கள், டிரைவருக்கு யோசனை சொல்லாதீர்கள்.

வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இப்போது ராசிபுரம் போக வேண்டும். சேலத்திலிருந்து தெற்கே பதினாறு மைல், நாமக்கல் பஸ். சித்திரையில் நான் போயிருந்தேன். சன்னலோரத்தில் மிஷின். பின்கட்டு இருட்டில், புதுக் குழியில், பகலிலேயே விளக்கு வைத்துக்கொண்டு ரங்கப்பன் நெய்கிறார். கண் தெரியவில்லை என்று முனகிக்கொண்டே இருக்கிறார். வேலையைப் பார்க்க வந்தேன் என்று சொன்னால் போதும், குழியைவிட்டு எழுந்து வந்து துணியைத் தாமே எடுத்து விரிக்கிறார். அந்தச் சுருங்கிய மூலையைக் காட்டி, ஆறு அந்த இடத்தில் சுழிக்கிறது என்கிறார்.