ஏழாவது கேன்

பாலைவனத்தில் ஆட்களை நடக்க விட்டுவிட்டு, தான் மட்டும் மெல்பேணில் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருப்பதும் ஒரு தொழில்தான். எழுபதுகளில் நான்கு வருடம் அந்தத் தொழிலைப் பார்த்தேன்.

விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மணல்மேடும் உப்பு ஏரியும் குட்டை மரங்களுமாக ஒரு பாலைவனம் இருக்கிறது. எங்கள் சின்ன நிறுவனம் வாரக் கடைசியில் பத்துப் பன்னிரண்டு பேரை அங்கே கூட்டிப்போய் நடக்க வைக்கும். வழிகாட்டி கொலின் அவர்களோடு நடப்பான். முதலாளி ஹார்வி மற்றவற்றைக் கவனிப்பார். போகலாமா, வேண்டாமா என்று வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சொல்ல வேண்டியவன் நான். முன்பு கிளிநொச்சியில், நீர்ப்பாசனத் திணைக்களத்தில், மழையை அளந்து கொப்பியில் எழுதியவன் என்பதுதான் எனக்கிருந்த ஒரே தகுதி. மகளின் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் உங்களில் இருந்தால், அவர்களுக்கு என் நிலைமை விளங்கும். எனக்கு ஒவ்வொரு வியாழனும் கல்யாணம்.

ஜன்னலுக்கு வெளியே

வாடிக்கையாளர்கள் ஜன்னலைப் பார்த்துத்தான் வானிலையை முடிவு செய்வார்கள். ஜன்னல் மெல்பேணில் இருக்கிறது. பாலைவனம் கிட்டத்தட்ட ஐந்நூறு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. ஒரு ஏப்ரல் மாதம், பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் ஒரே காலையில் மூன்று முறை கூப்பிட்டார். இங்கே மழை கொட்டுகிறதே, ரத்துச் செய்யமாட்டீர்களா என்று கேட்டார். அங்கே மூன்று வாரமாக ஒரு துளி இல்லை என்று மூன்று முறையும் சொன்னேன். கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியலில் முதலாவது அகலமான தொப்பி. அவர் தொப்பியை விட்டுவிட்டு, மழைக்கோட்டும் முழங்கால்வரை ரப்பர் சப்பாத்தும் குடையுமாக பஸ் ஏறினார்.

திங்கட்கிழமை நேரே அலுவலகத்துக்கு வந்தார். மூக்குத் தோல் உரிந்திருந்தது. சப்பாத்துக்குள் வெந்த காலை இழுத்து இழுத்து நடந்தார். மன்னிப்புக் கேட்பதா, ஆறுதல் சொல்வதா என்று தெரியாமல் எழுந்து நின்றேன். அவர் குடையை என் மேசையில் வைத்தார். "குடை மட்டும்தான் உதவியது. அதைப் பட்டியலில் சேருங்கள்."

துவாய் காயும் நேரம்

வானிலை அலுவலகம் எனக்குச் சொன்னது பக்கத்துப் பட்டணத்தின் வானிலையைத்தான். அந்தப் பக்கம் என்பது ஒரு மணித்தியாலப் பயணம். பாலைவன விளிம்பில் இருந்தது ஒரே ஒரு கடை. பெற்றோல், பாண், தபால் எல்லாம் அங்கேதான். அதை நடத்தியவர் மிசிஸ் பிரெனன். அவரிடம் வெப்பமானி இல்லை. இருந்த ஒன்றையும் ஆடு மிதித்துவிட்டது. அதற்குப் பதிலாக, காலை பதினொரு மணிக்கு, கோப்பை துடைக்கிற துவாய் ஒன்றை நனைத்துப் பிழிந்து கடைக்குப் பின்னால் கொடியில் போடுவார். எத்தனை நிமிடத்தில் காய்ந்தது என்று எனக்குத் தொலைபேசியில் சொல்வார். நாற்பது நிமிடம் என்றால் நல்ல நடை. இருபத்தைந்து என்றால் கவனம். பதினைந்துக்குக் கீழே போனால் யாரையும் அனுப்பக்கூடாது. இது எனக்கு முன்னே இருந்தவர் வைத்த முறை.

மழைமானியோடு பழகியவனுக்கு இதில் எப்படி நம்பிக்கை வரும்? ஒவ்வொரு நாளும் அதே துவாயா, எத்தனை முறுக்குப் பிழிவீர்கள், கொடியில் வெயிலா நிழலா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அதே துவாய், நீலக் கோடு போட்டது, மூன்று முறுக்கு, வெயில் என்று அவரும் அலுக்காமல் சொன்னார். ஒரு வியாழன், வானிலை அலுவலகம் இருபத்தாறு பாகைதான் என்றது. துவாயோ பதின்மூன்று நிமிடத்தில் காய்ந்துவிட்டது. இரண்டில் எதை நம்புவது என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே கேட்டுவிட்டேன். "அவர்களிடம் கருவி இருக்கிறது. என்னிடம் தோய்த்த உடுப்பு இருக்கிறது," என்றார்.

அருமையான சனிக்கிழமை

அந்தப் பதின்மூன்று நிமிடத்தை நம்பிப் பயணத்தை ரத்துச் செய்தேன். சனிக்கிழமை மெல்பேணிலும் வெயில் இதமாக இருந்தது. அங்கே அதைவிட இதம். அன்றைய துவாய் நாற்பத்தைந்து நிமிடம் எடுத்தது.

திங்கட்கிழமை பதினொரு பேர் கூப்பிட்டார்கள். தன் வாழ்நாளிலேயே அழகான சனிக்கிழமையைப் புல் வெட்டிக் கழித்ததாக ஒருவர் சொன்னார். இந்தத் தொழிலில் அனுப்பியது பிழை என்றால் ஊருக்கே தெரிந்துவிடும். நிறுத்தியது சரி என்றால் யாருக்கும் தெரியாது, நன்றி சொல்லவும் ஆளில்லை. பதினோராவது அழைப்பு முடிந்ததும், எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஹார்வியிடம், இந்த வேலைக்கு நான் பொருத்தமில்லை என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "திட்டுகிறவன் உயிரோடு இருக்கிறான். திட்டட்டும்."

கேன் கணக்கு

மூன்றாவது வருட ஒக்டோபர். அந்த மாதத்தோடு நடைகள் முடியும், பிறகு சூடு ஆரம்பித்துவிடும். மதராஸிலிருந்து வந்து குடியேறிய ராகவன் என்ற பொறியியலாளர், தெரிந்த தமிழர்களில் தன்னையும் சேர்த்து ஒன்பது பேரின் பட்டியலோடு வந்தார். "சார், நம்ம ஆளுங்க யாருமே அங்க நடந்ததில்ல. நாமதான் முதல்ல!" என்று மேசையில் தட்டினார். அறுபது வயது தாண்டிய கனகசபை அங்கிளும் பெயர் கொடுத்திருந்தார். கடைசிப் பெயர் ராஜி. என் மனைவி. "நீங்கள் ஆக்களை அனுப்பிப்போட்டு நித்திரை இல்லாமல் உருளுறியள். அது என்ன இடமெண்டு நான் ஒருக்காப் பாக்கவேணும்," என்றாள். நானும் கூடப் போகலாம் என்றால், தொலைபேசிக்குப் பக்கத்தில் யார் இருப்பது?

வியாழக்கிழமை, வானிலை அலுவலகம் இரண்டு நாளும் இருபத்தெட்டுப் பாகை என்றது. துவாய் முப்பத்திரண்டு நிமிடம். வேறு ஆட்கள் என்றால் ஒரே மூச்சில் போகலாம் என்றிருப்பேன். அன்றைக்கு மிசிஸ் பிரெனனிடம் துவாயை இன்னொரு முறை நனைத்துப் போடச் சொன்னேன். போட்டார். முப்பத்தொன்று.

அடுத்தது தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு லீற்றர் என்பது எங்கள் விதி. கொலினோடு பத்துப் பேர், இரண்டு நாள், ஆகவே நூற்றிருபது லீற்றர். இருபது லீற்றர் கேனில் ஆறு கேன்: சனிக்கு மூன்று, ஞாயிறுக்கு மூன்று. முன்கூட்டியே லொறியில் கொண்டுபோய் வழியில் வைப்பது கொலினின் வேலை. அவனுக்குக் கொடுத்த தாளில் நான் ஏழு என்று எழுதினேன். மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை. கொலின் தாளைப் பார்த்தான். பிறகு பயணிகளின் பட்டியலை எடுத்து, ராஜியின் பெயரில் விரலை வைத்தான். "ஏழாவது கேனுக்கும் இதே குடும்பப் பெயர்தானா?"

ஒன்பது நிமிடம், ஏழு நிமிடம்

சனிக்கிழமை பின்னேரம் வானிலை அலுவலகம் பேச்சை மாற்றியது. நாளைக்கு முப்பத்தெட்டுப் பாகை, வடக்குக் காற்று. அவுஸ்திரேலியாவில் சூடு வடக்கிலிருந்துதான் வரும். நடந்துகொண்டிருப்பவர்களிடம் அதைச் சொல்ல ஒரு வழியும் இல்லை. ஞாயிறு காலை அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்தேன். பதினொரு மணித் துவாய் ஒன்பது நிமிடத்தில் காய்ந்தது. பன்னிரண்டு மணிக்குப் போட்டது ஏழு நிமிடத்தில். அதற்குப் பிறகு துவாயைப் பற்றி நான் கேட்கவில்லை, மிசிஸ் பிரெனனும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு அவர்கள் கடைக்கு வந்து சேர வேண்டும். இரண்டும் போயிற்று, மூன்றும் போயிற்று. ஹார்வி வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தார். பொலிசுக்குச் சொல்லலாமா என்றார். கொலின் இந்தச் சூட்டில் நடக்க விடமாட்டான், எல்லாரையும் நிழலில் படுக்க வைத்திருப்பான், ஐந்தரை வரை பார்ப்போம் என்று நான்தான் அவருக்குச் சொன்னேன். சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை. கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். மூன்று கேன், பத்துப் பேர். முப்பத்தெட்டுப் பாகையில் இருட்டும்வரை இழுத்துப் பிடிக்கலாம். பிறகு ராஜிக்காக எழுதிய கேனையும் சேர்த்துப் போட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் சேர்த்தேன்.

ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. மிசிஸ் பிரெனன். "இன்னும் வரவில்லை," என்றார். "ஆனால் காற்று தெற்குக்குத் திரும்பிவிட்டது. துவாயைப் போட்டு அரை மணித்தியாலம். இன்னும் ஈரம்."

குளிப்பு

ஐந்தரைக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கொலின் கூப்பிட்டான். பத்துப் பேரும் கடையில் உட்கார்ந்து சோடா குடிக்கிறார்கள் என்றான். காலை பதினொரு மணியிலிருந்து காற்றுத் திரும்பும்வரை மரநிழலில் கிடந்திருக்கிறார்கள். ஹார்வி அப்போதுதான் தொப்பியைக் கழற்றினார். தண்ணீர் போதுமாக இருந்ததா என்று கேட்டேன். "அதை உன் மனைவியிடம் கேள்," என்று கொலின் தொலைபேசியைக் கைமாற்றினான்.

"கனகசபை அங்கிள் விடியவெள்ளன எழும்பி, ஒரு கேனைத் திறந்து தலையில ஊத்திக் குளிச்சுப்போட்டார்," என்றாள் ராஜி. "குளிக்காமல் கும்பிட்டுப் பழக்கமில்லையாம். கொலின் எழும்பிப் பாக்கேக்க கேன் வெறும் கேன்." பின்னாலிருந்து ராகவனின் குரல் கேட்டது: "துவட்டிக்கிட்டே வந்து, தண்ணி நல்ல குளிர்ச்சின்னாரு சார்!" குடிக்க, சமைக்க, காயம் கழுவ என்று எல்லாவற்றுக்கும் எங்கள் விதியில் அளவு இருந்தது. பாலைவனத்தில் ஒருவர் விடியற்காலையில் தலைமுழுகுவார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் ஆட்கள் கோயிலாக வைத்திருந்த ஒரு அறையில் அங்கிளோடு ஆறு மாதமாகக் கும்பிட்ட எனக்காவது அது தோன்றியிருக்க வேண்டும். ஞாயிறுக்கு வைத்த நான்கில் குளித்தது ஒரு கேன், மிச்சம் மூன்று. ஏழாவது கேன் போகாதிருந்தால் மிச்சம் இரண்டு. கணக்கை அதற்கு மேல் போட எனக்குத் துணிவில்லை.

"அந்த ஏழாவது கேன் எனக்காகவோ வைச்சனீங்கள்?" என்று ராஜி கேட்டாள். கொலின் சொல்லியிருக்கிறான். ஓம் என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "இனி ஒவ்வொரு முறையும் வையுங்கோ," என்றாள். "மற்ற ஆக்களுக்கும் வீட்டில ஆக்கள் இருக்கினம் எல்லே?"

அதன்பின் நான் அந்த வேலையை விடும்வரை பாலைவனத்துக்குப் போன ஒவ்வொருவரும், தாடி வைத்த கொலின் உட்பட, தண்ணீர்க் கணக்கில் என் மனைவியாகத்தான் போய்வந்தார்கள்.